அச்சம் ஆசிரியராகுமா?

"சார், அது அவ்வளவு போதையா தரும்?"

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. கேட்ட வேளை எது தெரியுமா? அரைமணி நேரம் அனல் பறக்கப் பேசிவிட்டு, போரில் வென்ற வீரன்போல நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற வேளை!

அன்று காலைதான் பள்ளித் திடலில் போதை ஒழிப்பு உறுதிமொழி. எண்ணூறு கரங்கள் நீண்டன. எண்ணூறு குரல்கள் ஒலித்தன. அந்த ஒலி அடங்குமுன் வகுப்பறைக்குச் சென்றேன். கருகிய நுரையீரல், சிதைந்த தாடை, சீழ்வடியும் நாக்கு என்று படம் படமாகக் காட்டினேன். "தொட்டால் கெட்டாய்! சுவைத்தால் செத்தாய்!" என்று முழங்கினேன். சொல்லடுக்கில் எனக்கே ஒரு மயக்கம். அந்த மயக்கத்தைக் கலைத்தது அந்தச் சிறுவனின் கேள்வி. வகுப்பு சிரித்தது. நான் சீறினேன். அவன் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

பத்து நாட்கள் கழிந்தன. அவன் புத்தகப் பையின் மூலையில் ஒரு சிறு பொட்டலம் கிடைத்தது. உதட்டுக்கும் பல்லுக்கும் இடையே அடக்கிக்கொள்ளும் புகையிலை. விசாரணை நடந்தது. நூற்பாலையில் வேலை செய்யும் அவன் தாய் வந்தார், அழுதார், காலில் விழவும் முனைந்தார். மாற்றுச் சான்றிதழ் எழுதப்பட்டது. "ஒரு பழம் அழுகினால் கூடையே கெடும்" என்றனர் பெரியவர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அரைமணி நேரம் முழங்கிய வாய், அந்த ஐந்து நிமிடம் ஊமையாக இருந்தது.

பள்ளி தூய்மையாயிற்று என்றனர். எனக்கு மட்டும் உறக்கம் வரவில்லை. அவனைக் கெடுத்தது கடைக்காரனின் பேராசையா? காவலற்ற மாலைப் பொழுதா? அல்லது, அவன் அறியாதிருந்த ஒன்றை அறியவேண்டும் என்ற ஆர்வத்தைக் கிளறிவிட்ட என் பேச்சா?

பகுத்தறிவு பேசுகிறோம் நாம். கோயிலைக் கேட்கிறோம், "உன்னால் விளைந்த பயன் என்ன?" என்று. சடங்கைக் கேட்கிறோம், "சான்று எங்கே?" என்று. நம்முடைய நற்செயல்களை அப்படிக் கேட்டதுண்டா? நீட்டிய கரமும் ஒப்பித்த உறுதிமொழியும் ஒரு சிறுவனையேனும் காத்தன என்பதற்குச் சான்று கேட்டதுண்டா? கேட்காதபோது, அதுவும் ஒரு சடங்கல்லவா?

விடை தேடி ஏடுகளைப் புரட்டினேன். பள்ளிப் பிள்ளைகளைப் போதையினின்று காக்கும் முயற்சிக்கு நூற்று நாற்பது ஆண்டு வரலாறு இருப்பதைக் கண்டேன். அந்த வரலாற்றில் நல்லெண்ணம் உண்டு. நாணத்தக்க தோல்வியும் உண்டு. நமக்கு வேண்டிய பாடமும் உண்டு.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அமெரிக்க நாடு. தெருவுக்குத் தெரு மதுக்கடை. கூலியை வாங்கியவன் கடைக்குள் நுழைவான். வெறுங்கையோடு வீடு திரும்புவான். வாக்குரிமையும் இல்லை, சொத்துரிமையும் அரைகுறை. அடிபடும் உரிமை மட்டுமே முழுமையாகப் பெற்றிருந்த பெண்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துப் பொங்கி எழுந்தனர். 1874ஆம் ஆண்டு, கிறித்தவ மாதர் மதுவிலக்குச் சங்கம் என்ற பேரமைப்பு தோன்றியது.

அந்தச் சங்கத்திலிருந்து கிளம்பினார் மேரி ஹண்ட் அம்மையார். 1830ஆம் ஆண்டு பிறந்தவர்; ஆசிரியையாகப் பணியாற்றியவர். "குடித்துக் கெட்டவனைத் திருத்துவது கடினம். குடிக்கத் தொடங்காத பிள்ளையைப் பிடியுங்கள்! இன்றைய மாணவன் நாளைய வாக்காளன்!" என்பது அவர் கண்ட திட்டத்தின் சாரம். கூரிய சிந்தனைதான், மறுப்பதற்கில்லை. மாநிலம் மாநிலமாகச் சென்றார். சட்டமன்றங்களின் கதவைத் தட்டினார். 1882ஆம் ஆண்டு வெர்மாண்ட் மாநிலம் முதலாவதாகச் சட்டம் இயற்றியது: பள்ளிகளில் மதுவின் தீமை கட்டாயப் பாடம்! 1886ஆம் ஆண்டு நாட்டுப் பேரவையும், தன் நேரடி ஆட்சிக்குட்பட்ட பகுதிகளுக்கு அதே சட்டத்தைச் செய்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள், அந்தச் சட்டம் இல்லாத மாநிலமே இல்லை என்ற நிலை ஏற்பட்டது. வாக்குரிமை இல்லாத ஒரு மாது பெற்ற வெற்றி இது!

ஆனால், வெற்றி கண்ட இடத்திலேதான் வினையும் விளைந்தது. பாடநூல்கள் தம் ஒப்புதல் பெற்றே வரவேண்டும் என்றார் அம்மையார். சிறுவர்க்கான உடல்நூல் எதுவாயினும் அதில் நான்கில் ஒரு பங்கு மதுவும் புகையிலையும் பற்றியதாக இருக்கவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அந்தப் பக்கங்களை நிரப்ப, உண்மை போதவில்லை. எனவே மிகைப்படுத்தல் நுழைந்தது. மது தொண்டையில் இறங்கும்போதே தோலை எரித்துவிடும் என்றது ஒரு நூல். பீர் குடிப்பவரில் பெரும்பாலோர் நீர்க்கோவையால் சாவர் என்றது மற்றொன்று.

பாடம் படித்த பிள்ளை வீடு திரும்புகிறான். தந்தையோ, இரவு உணவோடு ஒரு குவளை பீர் அருந்துகிறார். தொண்டை எரியவில்லை, நீர்க்கோவையும் வரவில்லை! பிள்ளை என்ன முடிவுக்கு வருவான்? "தந்தை விரைவில் சாவார்" என்றா? "நூல் பொய் சொல்கிறது" என்றுதானே! பொய் ஒன்று வெளிப்பட்டால் அதனருகில் நிற்கும் மெய் பத்தும் நம்பிக்கை இழக்கும். மதுவினால் விளையும் மெய்யான கேடுகளை மறுநாள் அந்த ஆசிரியர் எடுத்துரைத்தாலும், கேட்கும் செவி ஏது?

விஞ்ஞானிகள் வாய் திறந்தனர். வெஸ்லியன் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் வில்பர் அட்வாட்டர், மனிதர் உள்ளே தங்கியிருக்கத்தக்க ஓர் அறையை அமைத்து, உடலுக்குள் செல்லும் உணவையும் வெளிப்படும் வெப்பத்தையும் அளந்தவர். சிறிதளவு மது உடலுக்குள் எரிந்து ஆற்றல் தருகிறது என்று 1899ஆம் ஆண்டு அறிவித்தார். குடியுங்கள் என்று அவர் கூறவில்லை. பாடநூல் கூறுவது உண்மையன்று என்றுதான் கூறினார். அதற்கே அவர்மீது கண்டனக் கணைகள் பாய்ந்தன! 1893ஆம் ஆண்டு அமைந்த "ஐம்பதின்மர் குழு" என்ற அறிஞர் குழுவும் ஆராய்ந்து, 1903ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பள்ளிப் பாடம் பிழை மலிந்தது என்று இடித்துரைத்தது. அம்மையார் அசையவில்லை. நன்மைக்காகச் சொல்லும் பொய் நன்மையே என்ற நம்பிக்கை அவ்வளவு வலிமை வாய்ந்தது.

அந்தப் பாடம் கேட்டு வளர்ந்த தலைமுறை, 1920ஆம் ஆண்டு நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தபோது வரவேற்றது உண்மை. அதே தலைமுறையின் கண்முன்பே, 1933ஆம் ஆண்டு மதுவிலக்கு எடுக்கப்பட்டதும் உண்மை. சட்டத்துக்கு வாக்குத் தேட அந்தப் பாடம் உதவிற்று. பழக்கத்தை வெல்ல உதவவில்லை.

*

மதுவுக்குச் சொன்ன கதையைக் கஞ்சாவுக்கும் சொன்னார்கள். 1936ஆம் ஆண்டு "ரீஃபர் மேட்னஸ்" என்ற படம் எடுக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் கஞ்சா புகைக்கிறார்கள். உடனே கொலை, தற்கொலை, பித்து! பெற்றோரை நடுங்கவைக்க எடுத்த படம். 1970களில் என்ன நடந்தது தெரியுமா? கல்லூரி மாணவர்கள் அதைத் திரையிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள்! அச்சமூட்ட எடுத்த படம் நகைச்சுவைப் படமாயிற்று. கஞ்சா இளம் மூளைக்குக் கேடு என்ற மெய்யும் அந்தச் சிரிப்பில் மூழ்கிப்போயிற்று.

1960களின் இறுதியில் போதைப்பழக்கம் அந்நாட்டு இளைஞரிடையே பெருகியபோது, மருட்டும் படங்கள் மறுபடியும் குவிந்தன. 1973ஆம் ஆண்டு, பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர் தலைமையில் அமைந்த தேசியக் குழு, தன் இரண்டாம் அறிக்கையில் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. பள்ளிகளில் புதிய போதைக் கல்வித் திட்டங்களைத் தொடங்குவதை நிறுத்திவையுங்கள். இருப்பவை பயன் தருகின்றனவா என்று முதலில் அளந்து பாருங்கள் என்பதே அது. மருந்தே நோயை வளர்க்கிறதோ என்ற ஐயம், அரசு அமைத்த குழுவுக்கே வந்துவிட்டது!

அந்த ஐயம் வீண் ஐயமன்று என்பதை, கடலுக்கு அப்பால், நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வு காட்டிற்று. 14 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களிடம் மூன்று முறைகளைக் கையாண்டனர். ஒரு சாரார்க்கு அச்சமூட்டும் எச்சரிக்கை. ஒரு சாரார்க்குப் போதைப்பொருள் பற்றிய செய்திகள் மட்டும். மூன்றாம் சாரார்க்கு, அவர்களுடைய வகுப்பாசிரியரே நடத்திய உரையாடல். வளரும் பருவத்தின் தொல்லைகள், வீட்டுச் சிக்கல்கள், நட்பு, தனிமை ஆகியவை பற்றி மனம் திறந்த பேச்சு. 1975ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு என்ன? முதலிரண்டு முறைகளில், போதையைச் சுவைத்துப் பார்க்க முனைந்தோர் தொகை கூடிற்று. மூன்றாம் முறையில் அது குறைந்தது.

இதைப் படித்தபோது என் கை நடுங்கிற்று. "அது அவ்வளவு போதையா தரும்?" என்ற குரல் மறுபடியும் செவியில் ஒலித்தது. ராட்டர்டாமில் 1975இல் அறிந்ததை, நான் அறியாமல் போனேன். என் அறியாமைக்கு விலை கொடுத்தவன் அவன்!

*

அச்சம் ஏன் தோற்கிறது?

பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு ஐம்பது வயதில் வரும் புற்றுநோய் ஓர் அச்சமே அன்று. ஐம்பது வயது என்பது அவன் கணக்கில் அடுத்த யுகம்! அவன் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: தோழர் கூட்டத்தில் தனித்து நிற்பதற்கு. "எல்லாரும் செய்கிறார்கள், நான் மட்டும் கோழையா?" என்ற எண்ணம் அவனை ஆட்டிப்படைக்கிறது. எதிர்கால விளைவை எடைபோட்டு, ஆசையை அடக்கும் மூளைப்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது என்று மருத்துவம் கூறுகிறது. முதிராத தராசில் மலையளவு அச்சத்தை வைத்து என்ன பயன்?

தொடங்கும் வயது தள்ளிப்போனாலே பாதி வெற்றி என்பதற்கும் சான்று உண்டு. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோரில் நூற்றுக்கு 40 பேர் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதுக்குப் பின் தொடங்கியோரில் ஏறத்தாழ 10 பேரே என்று 1997ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்புமே போர்முனை என்பது இதனால் விளங்கும்.

1970களில், ஹூஸ்டன் பல்கலைக்கழக உளநூற் பேராசிரியர் ரிச்சர்ட் எவான்ஸ் புதுவழி கண்டார். புகையின் தீமை பிள்ளைகளுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் தொடங்குகிறார்கள், ஏனெனில் தோழன் நீட்டும்போது மறுக்கத் தெரியவில்லை. அம்மைக்குத் தடுப்பூசி போடுவதில்லையா? நோய்க்கிருமியை வலுவிழக்கச் செய்து உடலுக்குள் செலுத்துகிறோம். உடல் எதிர்த்துப் பழகுகிறது. அதுபோல, தோழர் தூண்டுதலைச் சிறு அளவில் வகுப்பறையிலேயே நடித்துக் காட்டி, மறுத்துப் பழகச் செய்தார் எவான்ஸ். நியூயார்க்கில் கில்பர்ட் பாட்வின் என்பவர் அதை விரிவாக்கி, முடிவெடுத்தல், மனக்கலக்கத்தைச் சமாளித்தல், கூச்சமின்றிப் பேசுதல் என்ற வாழ்க்கைத் திறன்களைப் பாடமாக்கினார். 56 பள்ளிகளில் நடந்த அவருடைய ஆய்வின் முடிவு 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பழக்கம் குறைந்தே இருந்தது என்று கண்டார். அவர் கணக்கிட்ட முறையைக் குறைகூறிய அறிஞரும் உண்டு. குறைகூறட்டும்! அளந்து, வெளியிட்டு, வாதிட்டுத் தெளிவதுதானே விஞ்ஞானம்!

*

அளக்க மறுத்த கதையும் ஒன்று உண்டு. 1983ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ், பள்ளி நிர்வாகத்தோடு சேர்ந்து "டேர்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கு வருவார். வாரம் ஒரு பாடம், பதினேழு வாரங்கள். முடிவில் உறுதிமொழி, சான்றிதழ், சட்டை, விழா! குடியரசுத் தலைவரின் துணைவியார் நான்சி ரீகன் "வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்ற முழக்கத்தைப் பரப்பிவந்த காலம் அது. 1990களில் நாட்டின் பள்ளி வட்டாரங்களில் நான்கில் மூன்று பங்கு இத்திட்டத்தை ஏற்றிருந்தன. பெற்றோர் மகிழ்ந்தனர், அரசியல்வாதிகள் படம் எடுத்துக்கொண்டனர், பிள்ளைகளும் கைதட்டினர்.

பயன்? 1994ஆம் ஆண்டு, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போதைப் பழக்கத்தின்மீது அதன் விளைவு மிக மிகச் சிறியது என்று கண்டனர். 1998இல் இல்லினாய்ஸ் மாநில ஆய்வு, நகரை அடுத்த பகுதிகளில் அத்திட்டத்தில் சேர்ந்த மாணவரிடம் பழக்கம் சற்றே கூடுதலாகவும் இருந்ததைக் கூறிற்று. 1999இல் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர், ஆறாம் வகுப்பில் இப்பாடம் கேட்ட பிள்ளைகளை அவர்களது இருபதாம் வயதில் தேடிக் கண்டு கேட்டனர். பாடம் கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் வேற்றுமையே இல்லை! 2001ஆம் ஆண்டு, நாட்டின் தலைமை மருத்துவரது அறிக்கை அதைப் பயனற்ற திட்டங்களின் வரிசையில் சேர்த்தது.

அப்போதும் ஆதரவாளர் என்ன கூறினர்? "எங்கள் கண்ணால் கண்டோம், பிள்ளைகள் முகம் மலர்கிறது" என்றனர். நமக்குப் பழக்கமான குரல் அல்லவா இது! வேண்டிக்கொண்டேன், நோய் தீர்ந்தது என்பவனின் குரலும் இதுதானே! நம்பிக்கை காவலர் சீருடை அணிந்து வந்தாலும், ஆசிரியர் உடை அணிந்து வந்தாலும், சான்று கேட்டே ஆகவேண்டும். அந்த அமைப்பு, 2009ஆம் ஆண்டுதான் பழைய பாடத்தைக் கைவிட்டு வேறு பாடத்தை ஏற்றது. அதற்குள் கால்நூற்றாண்டு கடந்துவிட்டது.

தொலைக்காட்சி வழியாகவும் முயன்றனர். 1998 முதல் 2004 வரை நூறு கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு விளம்பரம் செய்தனர். 2006இல், அரசின் தணிக்கைத் துறையே அந்த விளம்பரத்தால் பழக்கம் குறையவில்லை என்றது. ஓயாமல் "வேண்டாம், வேண்டாம்" என்று கேட்ட பிள்ளைகளுக்கு, "ஓ! இத்தனை பேர் இதைச் செய்கிறார்களோ!" என்ற எண்ணமே வளர்ந்தது என்று ஆய்வாளர் விளக்கினர்.

*

இனி, போதை என்ற சொல்லையே உச்சரிக்காமல் போதையைக் குறைத்த கதையைக் கேளுங்கள்.

1985ஆம் ஆண்டு, பால்டிமோர் நகரம். ஏழைகள் நிறைந்த பகுதிகளின் ஒன்றாம் வகுப்புகளில் ஒரு விளையாட்டைப் புகுத்தினார் ஷெப்பர்டு கெல்லம் என்ற மருத்துவர். வகுப்பைச் சில அணிகளாகப் பிரிக்கவேண்டும்; எளிய விதிகளைப் பலகையில் எழுதவேண்டும்; பாடவேளையில் விதிமீறல் குறைவாக உள்ள அணிகளுக்குப் பரிசு. எல்லா அணிகளும் வெல்லலாம். குறும்புக்காரனைத் தனியே நிறுத்தித் தண்டிப்பதில்லை. அவன் அணியினரே அவனை அரவணைத்து அமைதிப்படுத்துகின்றனர். அவ்வளவுதான்! ஆறு வயதில் இவ்விளையாட்டை ஆடிய பிள்ளைகளை 19 முதல் 21 வயதில் மறுபடியும் கண்டபோது, சிறுவயதில் முரடர் என்று பெயரெடுத்த ஆண்பிள்ளைகளிடையே போதைச் சிக்கல் பெரிதும் குறைந்திருந்தது. 2008ஆம் ஆண்டு வெளிவந்த உண்மை இது. முரடன் என்று முத்திரை குத்தி வெளியே தள்ளியிருந்தால் அவர்கள் எங்கே போயிருப்பார்கள்? எனக்குத் தெரியும், அழுகிய பழம் என்று நாம் தள்ளியவன் எங்கே போனான் என்று.

ஐஸ்லாந்து நாட்டுக்குச் செல்வோம். 1998ஆம் ஆண்டு அங்கே 15, 16 வயதினரில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரே திங்களில் குடித்து மயங்கியவர்கள். நாள்தோறும் புகைப்போர் 23 பேர். 2016ஆம் ஆண்டு? குடித்தோர் 5 பேர். புகைத்தோர் 3 பேர்! பிள்ளைகளுக்குப் புதிய உரை எதுவும் அவர்கள் தயாரிக்கவில்லை. இங்கா டோரா சிக்ஃபுஸ்டோட்டிர் முதலிய ஆய்வாளர் பள்ளிதோறும் கேட்டறிந்தனர்: யாரோடு மாலையைக் கழிக்கிறாய்? பெற்றோர் உன்னோடு எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? எந்த ஆட்டம் ஆடுகிறாய்? விடைகளைத் திரட்டி, சில திங்களுக்குள் அந்தந்தப் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தனர். நகராட்சி, விளையாட்டுக்கும் இசைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிற்று. பெற்றோர் குழுக்கள் மாலையில் தெருவைச் சுற்றிவந்தன. இரவில் வெகுநேரம் பிள்ளைகள் வெளியே திரியாதபடி பார்த்துக்கொண்டன. மது, புகையிலை விளம்பரத்தைச் சட்டம் தடுத்தது. பிற ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் அக்காலத்தில் இளையோர் குடி குறைந்தது உண்மைதான். எனவே முழுப்புகழையும் இத்திட்டத்துக்கே சூட்டிவிட இயலாது. எனினும், கேள்வியை மாற்றிக் கேட்டதால் அவர்கள் வழி கண்டனர். "இவன் ஏன் கெட்டான்?" என்பதை விட்டுவிட்டு, "இவனுக்கு மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை என்ன இருக்கிறது?" என்று கேட்டனர்.

நூற்பாலையில் இரண்டாம் முறை வேலைக்குச் செல்லும் தாயின் மகனுக்கு நான்கு மணி முதல் என்ன இருந்தது? பூட்டிய வீடு இருந்தது. பெட்டிக்கடை வாசல் இருந்தது. அண்ணன்மார் கூட்டம் இருந்தது. வேறென்ன இருந்தது?

*

"அயல்நாட்டுக் கதைகள் இவை, நமக்குப் பொருந்துமா?" என்று கேட்பீர்கள். பொருந்தும் என்று காட்டியதே நமது சென்னை! 2004 முதல் 2006 வரை, தில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில், மருத்துவ அறிஞர் சீனாத் ரெட்டி, மோனிகா அரோரா, அமெரிக்கப் பேராசிரியை செரில் பெரி முதலியோர் "மைத்ரி" என்ற ஆய்வை நடத்தினர். தொடக்கத்திலேயே ஒரு திடுக்கிடும் செய்தி: புகையிலையைப் பயன்படுத்தியதாகக் கூறியோரின் விகிதம், எட்டாம் வகுப்பைக் காட்டிலும் ஆறாம் வகுப்பில் இருமடங்குக்கும் மேல் இருந்தது! பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியில் வழக்கம்போல் விட்டனர். மறு பகுதியில் வகுப்புத் தோழர்களே தலைமையேற்று நடத்திய உரையாடல்கள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சல் அட்டைகள், புகையிலை வாணிகத்தின் சூழ்ச்சியைப் பிள்ளைகளே ஆராய்ந்து எதிர்க்கும் கிளர்ச்சி ஆகியவை நடந்தன. இரண்டாண்டு முடிவில், வழக்கம்போல் விட்ட பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 விழுக்காடு கூடியிருந்தது. மறு பகுதியில் 17 விழுக்காடு குறைந்திருந்தது.

கவனியுங்கள்! இங்கே பிள்ளை, மிரட்டப்படும் குற்றவாளியாக இல்லை. தன்னை ஏய்க்க வரும் வணிகனை எதிர்த்து நிற்கும் போராளியாக இருக்கிறான். "நீ சாவாய்" என்று கேட்டுச் சிரித்தவன், "உன்னை ஒருவன் முட்டாளாக்கிப் பணம் பறிக்கிறான்" என்று அறிந்ததும் சினந்து எழுகிறான். சுயமரியாதை என்ற சொல்லை நமக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டுமா?

சட்டமும் துணை நிற்கிறது. கல்விக்கூடத்திலிருந்து நூறு கெஜ தூரத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு விற்கவே கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறார்க்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். விற்றவனுக்குச் சிறை என்று சட்டம் எழுதியிருக்க, வாங்கிய சிறுவனுக்குப் பள்ளியின் கதவை அடைத்தோம் நாம். கடை அங்கேயே இருந்தது. பையன் மட்டும் போனான். என்ன நீதி இது!

2019ஆம் ஆண்டு வெளிவந்த நாடளாவிய ஆய்வில் மற்றொன்றும் தெரியவந்தது. முகர்ந்து மயங்கும் பொருள்களைப் பயன்படுத்துவோர், பெரியவர்களில் 0.58 விழுக்காடு; 10 முதல் 17 வயதுச் சிறாரிலோ 1.17 விழுக்காடு. ஒட்டுப்பசையும் அழிப்புத் திரவமும் எழுதுபொருள் கடையிலேயே கிடைக்கும். இவற்றுக்குக் காவல்நிலையம் மட்டும் தடை போட்டுவிட முடியாது; கண்விழித்த ஆசிரியரும், கைகொடுக்கும் ஊரும் வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊரில் படிப்பகம் இருக்கும், மன்றம் இருக்கும். மாலையில் அங்கே ஏடு படிக்கிறீர்கள், உலகை அலசுகிறீர்கள். அந்தக் கதவை ஏழாம் வகுப்புச் சிறுவனுக்கும் திறந்துவிடுங்கள். ஒரு கேரம் பலகை, ஒரு பந்து, ஒரு பறை, பத்துக் கதைநூல்கள், வீட்டுப்பாடம் சொல்லித்தர ஓர் அண்ணன். நான்கு மணி முதல் ஏழு மணி வரை இவை போதும். பள்ளி வாசலிலிருந்து நூறு கெஜத்தை அளந்து பாருங்கள். அதற்குள் உள்ள கடைகளைப் பற்றி மனுக் கொடுங்கள். மனுவுக்கு விடை வரும் வரை விடாதீர்கள். பொட்டலத்தோடு பிடிபட்ட பிள்ளையை வெளியே தள்ளும் பள்ளியிடம், "இவனைத் தள்ளுவதால் குறைவது எது?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

எங்கள் பள்ளியில் இவ்வாண்டு, என் வகுப்பில் படங்களை நான் காட்டவில்லை. "நண்பன் நீட்டினால் எப்படி மறுப்பாய்?" என்று கேட்டு, பிள்ளைகளையே நடித்துக் காட்டச் சொன்னேன். ஒருவன் நீட்டினான், ஒருவன் மறுத்தான், மறுக்கத் தெரியாமல் ஒருவன் விழித்தான், அவனுக்கு நான்கு பேர் வழி சொல்லிக் கொடுத்தனர். பலன் என்ன என்று இன்று சொல்ல மாட்டேன். அளந்து பார்த்த பிறகுதான் சொல்வேன்.

அந்தச் சிறுவனை அண்மையில் கண்டேன். வண்டிப் பட்டறை ஒன்றில், கறை படிந்த கையோடு நின்றான். என்னைக் கண்டதும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றான். அவன் அன்று கேட்ட கேள்விக்கு நேர்மையான விடையை நான் இன்னும் சொல்லவில்லை. மறுபடியும் பள்ளிக்கு வருகிறாயா என்று கேட்டேன். "சேர்த்துக்கொள்வார்களா சார்?" என்றான்.

இது இரண்டாவது கேள்வி. இதற்கு நான் மட்டும் விடை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லவேண்டும்.